மூன்றாம் வகுப்பின் விலை

மூன்றாம் வகுப்பு முடிக்கும் ஒரு குழந்தைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? பெற்றோரைக் கேட்டால் பெரிய ஜாபிதாவே கொடுப்பார்கள். இங்கிலாந்து அரசாங்கமோ 1862-ல் மூன்றே வரிகளில் விடை சொல்லிவிட்டது. வாசகப் புத்தகத்தில் ஒரு சிறு பத்தியைப் படிக்க வேண்டும். அதே பத்தியிலிருந்து ஒரு வாக்கியத்தை, ஒரு முறை நிதானமாக வாசித்துக் காட்டிய பிறகு, சொல் சொல்லாகச் சொல்லக் கேட்டு எழுத வேண்டும். சிறு வகுத்தல் வரையில் ஒரு கணக்குப் போட வேண்டும். அவ்வளவுதான்!

இதில் என்ன குற்றம் என்று நீங்கள் கேட்கலாம். பாடத்தில் குற்றமில்லை, அதற்குக் கட்டிய விலையில்தான் குற்றம்.

திட்டத்தை வகுத்தவர் ராபர்ட் லோ என்ற ராஜதந்திரி. கல்வி மானியம் ஏறிக்கொண்டே போனதைக் கண்டு, கொடுக்கிற காசுக்குப் பலன் வேண்டும் என்றார். வரி கொடுப்பவனுக்கு இது நியாயமாகவே படும். ஆகவே, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை வருஷத்தில் 200 வேளைக்கு மேல் பள்ளிக்கு வந்து, பரீட்சையிலும் தேறினால் பள்ளிக்கூடத்துக்கு 8 ஷில்லிங். படிப்பு, எழுத்து, கணக்கு இவற்றில் ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். மூன்றிலும் தவறினால் எட்டும் போயிற்று!

பல வாத்தியார்களின் சம்பளமே இந்த மானியத்தை நம்பி இருந்தது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டிய மனிதருக்கு, எதிரே நிற்கும் மந்தமான பையன் 2 ஷில்லிங் 8 பென்ஸ் நஷ்டமாகத் தோன்றினால், அவரை மட்டும் குறை சொல்லிப் பயன் என்ன?

கவிஞர் மாத்யூ ஆர்னால்டு அந்தக் காலத்தில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். 1851 முதல் 1886 வரை அந்த உத்தியோகம் பார்த்தார். உண்மையில் படிக்கத் தெரியாமலே படிப்புப் பரீட்சையில் தேறிவிட முடிகிறது என்று 1867-லேயே அவர் எழுதினார். எப்படி என்கிறீர்களா? வருஷம் முழுவதும் ஒரே புத்தகம், ஓயாத நெட்டுரு. கண் ஏட்டின்மேல் இருக்கும், வாய் தன்பாட்டுக்கு ஒப்பிக்கும்.

நம் சென்னை மாகாணத்தையும் இந்த வழக்கம் விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தேறிய தலைகளை எண்ணி மானியம் தரும் முறை இங்கேயும் வந்து சேர்ந்தது.

இங்கிலாந்தில் 1890-களில் அதைக் கைவிட்டார்கள். ஆனால் எட்மண்ட் ஹோம்ஸ் என்பவர், இன்ஸ்பெக்டராக அந்தப் பரீட்சைகளை வருஷக் கணக்கில் நடத்தியவர், 1911-ல் புத்தகமே எழுதி வருந்தினார்: முறை போய்விட்டது, அது பழக்கிய புத்தி போகவில்லை என்பது அவர் கருத்து.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கவும் எழுதவும் வகுக்கவும் தெரியத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், “ஏன்?” என்று ஒரு குழந்தை கேட்ட கேள்விக்கு அந்தச் சட்டத்தில் ஒரு பென்ஸ்கூட ஒதுக்கியிருக்கவில்லை. விலை இல்லாததை வாத்தியார் கற்பிக்கவில்லை. கேட்காமல் இருக்கப் பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். நம் வீட்டுக் குழந்தை மதிப்பெண் தாளை நீட்டும்போது, “எத்தனை?” என்று கேட்பதற்கு முன்னால் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.