நூலகமும் கணினி மையமும்: மலேசியத் தமிழ் ஆவணங்கள் தேடலுக்கு எட்டிய கதை

மலேசியாவின் கேமரன் மலையில், கியா பார்மின் காய்கறித் தோட்டங்களுக்குப் பக்கத்திலோ சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளை ஒட்டியோ பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தோட்டத்தைத் தொடங்கிய நாள் தொட்டு அந்த மலையில் வாழ்ந்த தமிழர்களின் வரலாற்றை அங்குள்ள இளைஞர் ஒருவர் எழுத நினைத்தால், அவருக்கு வேண்டிய சான்றுகள் மலைக்கு வெளியே சிதறிக் கிடக்கின்றன. மலாயாவில் இருந்த இந்திய அரசு முகவரின் ஆண்டறிக்கைகள், 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ், பல்கலைக்கழக ஆய்வேடுகள் என அந்தப் பட்டியல் நீளும். இவற்றுள் எது அவர் கைக்கு எட்டும், எது எட்டாது என்பதை நூலகரும் கணினித் துறையினரும் எந்த அளவுக்குச் சேர்ந்து உழைத்தார்கள் என்பதே பெரிதும் முடிவு செய்திருக்கிறது. கடந்த அரை நூற்றாண்டில் அந்த உறவு வளர்ந்த விதத்தை இக்கட்டுரை தொடர்ந்து பார்க்கிறது.

கணினிக்கு முந்தைய காலத்தில் தமிழ் நூல்களைத் திரட்டியதும் பட்டியலிட்டதும் தனி மனிதர்களின் உழைப்பு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் சிங்கப்பூரில் தொடங்கிப் பின்னர் கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. அத்துறையின் தலைவராக இருந்த சேவியர் தனிநாயக அடிகள், முதல் உலகத் தமிழ் மாநாட்டை 1966இல் கோலாலம்பூரில் கூட்டினார்; தமிழாய்வு நூல்களுக்கான வழிகாட்டி ஒன்றையும் அதே ஆண்டில் வெளியிட்டார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியலை இராம சுப்பையா தொகுக்க, 1969இல் மலாயாப் பல்கலைக்கழக நூலகம் அதைப் பதிப்பித்தது. இன்றும் ஆய்வாளர்கள் தேடி எடுக்கும் நூல் அது. ஒரு பேராசிரியரின் பொறுமையும் ஒரு நூலகத்தின் ஆதரவும் சேர்ந்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1978இல் நிலைமை மாறியது. மலேசியப் பல்கலைக்கழக நூலகங்களும் தேசிய நூலகமும் ஒன்றுசேர்ந்து 'மால்மார்க்' என்ற கூட்டுப் பட்டியலாக்கத் திட்டத்தைத் தொடங்கின. தரவைச் செயலாக்கும் வேலை பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. பட்டியலாளர் படிவத்தை நிரப்பி அனுப்புவார்; கணினி அதைத் தொகுதி தொகுதியாக விழுங்கி, நுண்படத் தாள்களில் பட்டியலாகத் திருப்பித் தரும். இன்றைய கண்ணுக்கு மந்தமான ஏற்பாடுதான். ஆனால் ஒரே நூலை ஆறு இடத்தில் ஆறு பேர் பட்டியலிடும் வீண் உழைப்பு குறைந்தது. அதைவிட முக்கியமாக, நூலகர் கேட்பது என்ன, கணினியால் முடிவது என்ன என்று இரு தரப்பும் ஒரே மேசையில் பேசியாக வேண்டிய கட்டாயம் அப்போதுதான் வந்தது.

அந்த மேசையில் தமிழ் எழுத்துக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. உலக நூலகங்கள் பயன்படுத்திய மார்க் பதிவு முறையின் பழைய குறியேற்றத்தில் அரபி, எபிரேயம், சீனம் எல்லாம் பின்னர் சேர்க்கப்பட்டன, தமிழ் சேரவில்லை. எனவே தமிழ் நூலின் பெயர் உரோம எழுத்தில், கீழே கோடும் புள்ளியும் இட்டு எழுதப்பட்டது. அந்த ஒலிபெயர்ப்பு விதிகளைப் படித்திராத ஒரு தோட்டத்து மாணவருக்கு, தன் தாய்மொழி நூல் அலமாரியில் இருந்தும் பட்டியலில் இல்லாதது போலத்தான்.

இதே காலத்தில் மேல்நாடுகளில் இரு துறைகளும் நிர்வாக அளவிலேயே நெருங்கின. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1980களில் நூலகமும் கணினி மையமும் பட்ரிசியா பாட்டினின் தலைமையில் ஒன்றாயின. 1990இல் அமெரிக்க ஆய்வு நூலகங்களின் சங்கமும் கல்விசார் கணினி அமைப்புகள் இரண்டும் சேர்ந்து வலைப்பின்னல் தகவல் கூட்டமைப்பை நிறுவின. பிரிட்டனில் 1993இன் ஃபாலெட் அறிக்கை மின்னூலகத் திட்டங்களுக்கு வழிவிட்டது. தமிழுக்கு இதன் பயன் சிகாகோ பல்கலைக்கழகம் வழியாக வந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பைக் காக்க 1994இல் சென்னையில் நூலகம் அமைய அப்பல்கலைக்கழகம் துணை நின்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனையும் அது இணையத்தில் தேடத்தக்கதாக்கியது.

மலேசியாவில் தமிழ்க் கணிமை வளாக நூலகத்துக்கு வெளியே வளர்ந்தது. முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. 2013இல் மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே நடந்தது. எழுத்துருவும் விசைப்பலகையும் குறியேற்றமும் அந்த இயக்கத்தின் உயிர்நாடிகள். நூற்பட்டியலின் தேவைகள் அதே அழுத்தத்தோடு பேசப்படவில்லை என்பது என் கணிப்பு. அந்த இடைவெளிக்கான விலையை இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

'கொழுந்து' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர் முதலில் தேடும் சொல் அதுவாகத்தான் இருக்கும். ஒருங்குறியில் அதன் முதல் எழுத்தை இரு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம்; அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒருபடித்தாக்கும் ஏற்பாடு மென்பொருளில் இல்லாவிட்டால், ஒரு வடிவில் தேடுபவருக்கு மற்ற வடிவில் பதிந்த நூல் அகப்படாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இந்தச் சிக்கல் எளிதில் நுழைந்துவிடும்.

அகர வரிசையிலும் இதே கதைதான். ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி இந்திய மொழிகளுக்கான பொதுவான அமைப்பைப் பின்பற்றியது. அதனால் அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. நம் அகராதியில் 'நல்ல' முன்னும் 'நன்றி' பின்னும் வரும். குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் கணினியில் இது தலைகீழாகும். இந்தப் பிழை நூலகரின் கண்ணில் உடனே படும், ஆனால் அவரால் திருத்த முடியாது. நிரலர் ஒரே நாளில் திருத்திவிடுவார், ஆனால் அவருக்கு அது பிழையென்றே தெரியாது.

நூலகரும் நிரலரும் ஒரே அணியாக இயங்கும் இடங்களில் பலன் கண்கூடு. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகம் தன் மின்னியல் ஆய்வுப் பிரிவின் வழியாக, 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற திட்டத்தோடு கைகோத்து ஈழத்து ஆவணங்களுக்கு மின்காப்பகம் கட்டி வருகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுக் களஞ்சியம் இயங்கும் ஈபிரிண்ட்ஸ் மென்பொருளும் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் கணினித் துறையில் பிறந்ததுதான். கருவி நம்மிடம் இருக்கிறது. அதற்குத் தமிழ் வரிசையும் தமிழ்த் தேடலும் கற்பிக்கிற வேலை மிச்சமிருக்கிறது.

இன்னொரு வேலையும் மிச்சமிருக்கிறது: ஊர்ப் பெயர்கள். கேமரன் மலை, கேமரன் ஹைலண்ட்ஸ், கெமரன் மலை என்று ஒரே இடம் பல விதமாக எழுதப்பட்டிருக்கிறது. தானா ராத்தா, பிரிஞ்சாங், கியா பார்ம் என்ற பெயர்களுக்கும் அப்படியே. தோட்டப் பிரிவுகளுக்கோ ஆவணங்களில் ஒரு பெயரும் தொழிலாளர் வாயில் வேறொரு பெயரும் வழங்குவதுண்டு. இவற்றை ஒரு தலைப்பின் கீழ்ப் பிணைக்கும் பட்டியலை, தொழிலாளர் லயக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த முதியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலை நூலகர் சரிபார்த்து, கணினி மையத்தார் தேடுபொறியில் ஏற்றினால், பிரிஞ்சாங்கில் இருந்துகொண்டே ஒரு மாணவர் தன் தாத்தா வேலை பார்த்த தோட்டத்தின் பெயரைத் தமிழில் தட்டி, 1930களின் ஆண்டறிக்கை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும்.