திருவண்ணாமலை மாவட்டத்தில் பள்ளிக் கல்வி

திருவண்ணாமலை மாவட்டத்தில் பள்ளிக் கல்வி பெரும்பாலும் தமிழ்நாட்டு அரசின் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் அரசுப் பள்ளிகளாலும் அரசு உதவி பெறும் பள்ளிகளாலும் வழங்கப்படுகிறது. வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்து 1989 ஆம் ஆண்டு செப்டம்பர் 30 ஆம் நாள் இம்மாவட்டம் உருவாக்கப்பட்டது. அண்ணாமலையார் கோயிலால் அறியப்படும் திருவண்ணாமலை நகரம் இதன் தலைநகரமாக இருப்பினும், மக்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் சிற்றூர்களில் வாழ்பவர்கள். 2011 மக்கள் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் எழுத்தறிவு சுமார் 74 விழுக்காடு. மாநிலத்தின் எழுத்தறிவு சுமார் 80 விழுக்காடு. இக்கணக்கு ஏழு வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் உள்ளடக்குவதால், பள்ளிக்குச் செல்ல இயலாத மூத்த தலைமுறையினரின் நிலையையும் சேர்த்தே காட்டுகிறது. இன்றைய பள்ளிகளை இதைக்கொண்டு மட்டும் மதிப்பிடுதல் பொருந்தாது.

இடம்பெயர்வும் இடைநிற்றலும்

செங்கம், சவ்வாது மலை போன்ற வானம் பார்த்த பகுதிகளிலிருந்து பல குடும்பங்கள் கரும்பு வெட்டவும், செங்கல் சூளைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைக்கவும் பருவந்தோறும் வெளியூர் செல்கின்றன. பிள்ளைகளும் உடன் செல்வதால், பெயர் பதிவேட்டில் இருக்கும். பிள்ளை வகுப்பில் இராது. கார்த்திகைத் தீபத் திருவிழாவுக்கு விடப்படும் உள்ளூர் விடுமுறையை ஒரு சனிக்கிழமை ஈடு செய்துவிடுகிறது. சூளையில் கழிந்த மாதங்களுக்கு அத்தகைய ஈடு இல்லை. எனவே இங்கு ஒரு பள்ளி முறைமையின் வலிமையைச் சேர்க்கை எண்ணிக்கையால் அளப்பதைவிட, விட்டுப்போன மாணவரை அது எவ்வாறு திரும்ப ஏற்றுக்கொள்கிறது என்பதைக் கொண்டு அளப்பதே தகும்.

உணவுத் திட்டங்கள்

சென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் 1920 ஆம் ஆண்டு நீதிக்கட்சியினர் தொடங்கிய மதிய உணவு, காமராசர் ஆட்சியில் 1956 முதல் மாநில அளவில் விரிவடைந்தது. ம. கோ. இராமச்சந்திரன் 1982 ஆம் ஆண்டு தொடங்கிய சத்துணவுத் திட்டம் சூலை 1 அன்று முதலில் ஊரகப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்தது. நகரங்கள் செப்டம்பரில்தான் சேர்க்கப்பட்டன. பின்னர் ஆட்சிக்கு வந்த எக்கட்சியும் இதைக் கைவிடவில்லை. முட்டை, காலை உணவு (2022) எனக் கூட்டியே வந்தன. பாடத்திட்டம், தேர்வு முறை ஆகியவற்றில் இத்தகைய தொடர்ச்சி காணப்படவில்லை.

செயல்வழிக் கற்றல்

செயல்வழிக் கற்றல் முறை 2003 ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிவாக்கப்பட்டது. இதில் பாடம் சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணிப்படி எனப்படும் வரிசையில் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு மாணவரும் தம் வேகத்தில் படியேறுவார். இம்முறை பற்றிய விவாதங்களில் அதிகம் பேசப்படாத நன்மை ஒன்று உண்டு. மூன்று மாதம் கழித்துத் திரும்பும் மாணவர், தாம் விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். வகுப்பு அவரை விட்டு முன்னே சென்றுவிடுவதில்லை. எனினும் பல நிலை மாணவர்களை ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியிருப்பதால் ஆசிரியரின் பணிச்சுமை மிகுந்தது. 2022 இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் மாணவரை அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் கற்றல் நிலைப்படியே பிரிக்கிறது.

மலைப் பள்ளிகள்

மலையாளிப் பழங்குடியினர் வாழும் சவ்வாது மலையில் பழங்குடியினர் நலத்துறை உண்டி உறைவிடப் பள்ளிகளை நடத்துகிறது. வனத்துறை நடத்தும் பள்ளிகளும் உள்ளன. பெற்றோர் வேலை தேடிச் சென்றாலும் பிள்ளை பள்ளியிலேயே தங்கிப் படிக்க இவை வழி செய்கின்றன. ஆனால் வீட்டைப் பிரிந்திருத்தல் சிறு பிள்ளைகளுக்கு எளிதன்று.

பின்லாந்து தன் பொதுப் பள்ளிச் சீர்திருத்தத்தை 1972 இல் வடகோடியிலுள்ள லாப்லாந்தில் தொடங்கி, 1977 இல் தலைநகர்ப் பகுதியில் முடித்தது. தமிழ்நாட்டில் சென்னையில் தொடங்கிய திட்டங்கள் பலவற்றுக்கு மலை ஏறக் காலம் பிடித்தது. சத்துணவுத் திட்டம் இதற்கு ஒரு விதிவிலக்கு.

பேரிடர்க் காலம்

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் மூடப்பட்ட பள்ளிகள், தொடக்க வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றே திறந்தன. இடைக்காலத்தில் மதிய உணவுக்கு மாற்றாக அரிசியும் பருப்பும் வழங்கப்பட்டன. கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் தத்தம் தெருப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். ஊரகத் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் கற்றல் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மீண்டதாகவும், அம்மீட்சியில் சுமார் கால் பங்கு இத்திட்டத்தால் விளைந்ததாகவும் கண்டது. எஞ்சிய பங்கு பெரும்பாலும் பள்ளி மீண்டும் திறந்ததாலேயே கிடைத்தது எனலாம்.

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையால் அண்ணாமலையில் ஏற்பட்ட மண்சரிவில், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் 7 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஐவர் சிறுவர் சிறுமியர்.