எழுதிய டேட்டா எங்கே போச்சு? விர்ச்சுவல் மெஷின் டிஸ்க்கைக் கெடுத்த பிழை... பின்னணி என்ன?

ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை மென்பொருளாகவே ஓட்டுவதுதான் விர்ச்சுவல் மெஷின். நாம் தினமும் திறக்கும் பல இணையதளங்கள் இப்படித்தான் ஓடுகின்றன. இதற்குப் பயன்படும் இலவச மென்பொருள்களில் முக்கியமானது க்யூமு. 2019 ஆகஸ்டில் வந்த அதன் 4.1 பதிப்பில், சிலரது டிஸ்க்குகள் சத்தமில்லாமல் கெட்டுப்போயின. தப்பு யார் மேல்?

விர்ச்சுவல் டிஸ்க் என்பது என்ன?

உள்ளே ஓடும் மெஷினுக்கு அது ஹார்ட் டிஸ்க். வெளியே இருக்கும் நிஜ கம்ப்யூட்டருக்கு அது வெறும் ஒரு ஃபைல். க்யூமுவின் 'க்யூகவ்2' வகை ஃபைல், டேட்டா சேரச் சேர வளரும். வழக்கமாக 64 கேபி துண்டுகளாக இடம் ஒதுக்கும். அதில் 4 கேபி மட்டும் எழுதினால், காலியான மீதி இடம் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும்.

4.1-இல் என்ன மாறியது?

அதுவரை அந்தப் பூஜ்ஜியங்களையும் க்யூமுவே எழுதி வந்தது. புதிய பதிப்பில், 'இந்தத் துண்டு முழுக்கப் பூஜ்ஜியம்' என்று லினக்ஸிடம் ஒரே கட்டளையில் சொல்லிவிடும். வேலை மிச்சம், வேகம் அதிகம்.

சிக்கல் எங்கே?

ஃபைல்களைச் சேமிக்க லினக்ஸில் எக்ஸ்எஃப்எஸ், எக்ஸ்ட்4 எனப் பல முறைகள் உண்டு. சிக்கல் வந்தது எக்ஸ்எஃப்எஸ்-இல். ஃபைலின் கடைசி எல்லையைத் தாண்டி பூஜ்ஜியக் கட்டளை ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதற்கும் அப்பால் வேறு டேட்டா எழுதப்பட்டால், அந்த டேட்டா தூக்கி எறியப்பட்டுவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் இப்படி ஆகும். அதனால்தான் இது எல்லோருக்கும், எப்போதும் வரவில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

இதுபோன்ற பிழைகளில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். பழைய பதிப்பில் வருகிறதா? வேறு ஃபைல் சிஸ்டத்தில் வருகிறதா? தெரிந்த டேட்டாவை எழுதி, திரும்பப் படித்தால் அதேதான் வருகிறதா? இப்படிக் கழித்துக்கொண்டே போனால் குற்றவாளி சிக்கும். இங்கே சந்தேகம் க்யூமுவின் புது மாற்றத்தின் மேல் விழுந்தது. ஆனால் ஓட்டை இருந்தது எக்ஸ்எஃப்எஸ்-இல். புது மாற்றம் அதை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

தீர்வு என்ன?

மாற்றத்தையே நீக்கிவிடலாமா என்ற யோசனையும் இருந்தது. கடைசியில், எல்லை தாண்டிய பூஜ்ஜியக் கட்டளை முடியும்வரை, அதற்கு அப்பால் எழுத வரும் டேட்டா வரிசையில் காத்திருக்கும்படி க்யூமுவிலேயே மாற்று ஏற்பாடு செய்தார்கள். 2019 டிசம்பரில் வந்த 4.2 பதிப்பில் அது இருக்கிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியது

இந்த வகைப் பிழை எரர் மெசேஜ் காட்டாது. கெட்ட டிஸ்க்கை பேக்கப் எடுத்தால், பேக்கப்பும் கெட்டதாகத்தான் இருக்கும். எனவே பழைய பேக்கப்களை உடனே அழிக்காதீர்கள். பேக்கப் இருந்தால் மட்டும் போதாது, அவ்வப்போது திறந்தும் பாருங்கள்.