சிதைவின் ஒழுங்கு: நொதிய ஆய்வு வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

அறிவியல் வரலாறு பெரும்பாலும் ஆக்கத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சக்கர நியூக்கிளியோதைட்டுகள் பற்றிய ஆய்வு இதற்குத் தக்க சான்றாகும். ஏள் சதர்லாந்து 1950களின் பிற்கூற்றில், ஈரலில் அதிரினலின் தொழிற்படும் முறையை ஆராய்கையில் சக்கர ஏ.எம்.பி. எனும் சிறு மூலக்கூறைக் கண்டறிந்தார். கலத்தின் புறத்தே வந்துசேரும் ஓமோனின் செய்தியை உள்ளே கொண்டுசெல்லும் 'இரண்டாம் தூதன்' இதுவே. 1971இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. தூதனைச் சிதைக்கும் பொசுபோடையெசுத்தரேசு நொதியமோ, பணி முடிந்தபின் களத்தைக் கூட்டித் துப்புரவாக்கும் ஏவலாள் என்ற அளவிலேயே பொதுவான விவரணங்களில் இடம்பெறுகின்றது.

ஆனால், ஆக்கமும் சிதைவும் ஒருங்கே நிகழ்வதாலேயே தூதனின் அளவு கணந்தோறும் நிர்ணயமாகின்றது. 1962இல் புச்சரும் சதர்லாந்தும் இந்நொதியத்தை ஆராய்ந்தபோது கஃபீன், தியோபிலின் முதலியன அதனைத் தடுப்பதைக் கண்டனர். (தியோபிலின் 1888இலேயே தேயிலையிலிருந்து கொசெலினாற் பிரித்தெடுக்கப்பட்டதாகும்.) புறப்பொருள் அடக்கவல்ல நொதியத்தைக் கலம் தானே அடக்கவும் ஊக்கவும் செய்யாதோ என்ற வினா இங்கு எழுகின்றது.

விடை 1970இல் எதிர்பாரா வழியில் வந்தது. அமெரிக்காவின் மெம்பிசு நகரில் வை யியு சுங் மூளை இழையத்திலிருந்து இந்நொதியத்தைத் தூய்மையாக்க முனைந்தார். தூய்மை கூட, நொதியம் வலுவிழந்தது. ஒதுக்கிய பகுதியை மீளச் சேர்த்தபோது இழந்த வலு மீண்டது. அதனுள் ஓர் ஊக்கிப் புரதம் இருந்தது. அதே ஆண்டில் யப்பானியரான சிரோ ககியுச்சி தனித்து இக்காரணியைக் கண்டதோடு, அதன் தொழிற்பாடு கல்சியத்தில் தங்கியுள்ளதையும் காட்டினார். நான்கு கல்சிய அயன்களைப் பிணைக்கும் இப்புரதம் பின்னர் கல்மொடுலின் எனப் பெயர் பெற்றது. பொருளை அதன் உறவுகளிலிருந்து அறுத்தெடுத்துக் காண்போர் எதை இழக்கின்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான ஆய்வுகூடச் சான்றை நாம் அறியோம். எனினும், பிரித்தெடுத்திராவிடின் அவ்வுறவே புலப்பட்டிராது. பகுப்பாய்வை இகழும் முழுமைவாதிகள் இதனை மறந்துவிடுகின்றனர்.

பாலூட்டிகளில் இந்நொதியத்தின் 11 குடும்பங்கள் இன்று அறியப்பட்டுள்ளன. கல்மொடுலினுக்குக் கட்டுப்படுவது முதலாவது மட்டுமே. நான்காவதின் நெடிய வடிவங்களில், சக்கர ஏ.எம்.பி. பெருகியதும் அது தூண்டும் கைனேசு நொதியத்தின் மேற் பொசுபேற்றை ஏற்றி, சிதைவை விரைவுபடுத்துகின்றது. சக்கர ஜீ.எம்.பி. எனும் உடன் தூதன் இரண்டாம் குடும்பத்தை ஊக்குகின்றது, மூன்றாவதைத் தடுக்கின்றது. எனவே அது பெருகும்போது சக்கர ஏ.எம்.பி. குறையுமா கூடுமா என்பது, குறித்த கலத்தில் எக்குடும்பம் மேலோங்கியுள்ளது என்பதைப் பொறுத்ததாகும்.