நிறுத்த முடியாத எந்திரம்: சூலூர் வான்தளமும் ஒரு தேஜஸ் விமானமும்

திருப்பூரிலிருந்து பல்லடம் வழியாகக் கோவைக்குச் செல்லும் சாலையில், விசைத்தறிக் கூடங்களுக்கு நடுவே அமைந்த சூலூர் வான்தளம், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை விமானங்களுக்குப் பயன்பட்டு, விடுதலைக்குப் பின் இந்தியக் கடற்படையிடம் வந்தது. இன்று கோவாவில் இயங்கும் ஐ.என்.எஸ். ஹன்சா என்னும் கடற்படை வான்தளம் 1961-இல் சூலூரில்தான் தொடங்கப்பட்டு, 1964-இல் தபோலிமுக்கு இடம்பெயர்ந்தது. பின்னர் விமானப்படையின் தளமாகிய சூலூர், துருவ் ஹெலிகாப்டர்களில் வான்சாகசம் நிகழ்த்தும் ‘சாரங்’ குழுவுக்கும், 2018 முதல் தேஜஸ் போர் விமானங்களுக்கும் இருப்பிடமானது.

திருப்பூரில் பனியன் துணி பின்னும் எந்திரத்தில் ஓர் இழை அறுந்தால், எந்திரம் தானே நின்று, அறுந்த இடத்தைக் காட்டச் சிவப்பு விளக்கு எரியும். தொழிலாளி முடிச்சுப் போட்டபின் ஓட்டம் தொடரும். வானில் அப்படி நிறுத்திவைத்துப் பழுதுபார்க்க வழியில்லை என்பதால், விமானியின் அறிவு பறந்துகொண்டே செயல்பட வேண்டியிருக்கிறது. 1970 ஜூனில் இங்கிலாந்தின் ஹல்லவிங்டனில் பயிற்சி செய்த சாகச விமானி நீல் வில்லியம்ஸின் ஸ்லின் விமானத்தில், இறக்கையைத் தாங்கும் முதன்மைச் சட்டத்தின் அடிப்பகுதி முறிந்து, இடது இறக்கை மேல்நோக்கி மடங்கத் தொடங்கியது. விமானத்தைத் தலைகீழாகப் புரட்டினால் காற்றின் விசை எதிர்த்திசையில் அழுத்தி இறக்கையை அதன் இடத்தில் இருத்தும் என்று கணித்த அவர், தலைகீழாகவே தளம்வரை பறந்து, தரையைத் தொடும் தறுவாயில் நிமிர்த்தி இறங்கி உயிர்பிழைத்தார்.

அதற்கு இணையான நெருக்கடியை, சூலூரைத் தாய்த்தளமாகக் கொண்ட தேஜஸ் பிரிவின் விங் கமாண்டர் வருண் சிங் 2020 அக்டோபர் 12 அன்று எதிர்கொண்டார். தேஜஸில் விமானியின் கைப்பிடி இறக்கை மடல்களோடு நேரடியாகப் பிணைக்கப்படுவதில்லை. அவர் கைப்பிடியை அசைப்பதைக் கணினிகள் ஆணையாக ஏற்று மடல்களை இயக்குகின்றன. இதுவே பறப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு. அந்த அமைப்பிலும், விமானி அறையின் காற்றழுத்த அமைப்பிலும் பெரும் பழுது நீக்கப்பட்டபின், தாய்த்தளத்துக்கு வெளியே நடந்த சோதனைப் பறப்பில், உயரத்தில் முதலில் காற்றழுத்தம் குலைந்தது. அவர் கீழிறங்கும்போது கட்டுப்பாட்டு அமைப்பும் செயலிழக்க, விமானம் மூக்கை மேலும் கீழும் வெட்டி வெட்டி ஆட்டியபடி வேகமாக உயரம் இழந்தது. ஒருமுறை வசப்படுத்திய விமானம், ஏறக்குறைய 10,000 அடியில் மீண்டும் கைமீறியது. இருக்கையோடு வெளியேறி உயிர்தப்ப அவருக்கு உரிமை இருந்தும், விமானத்தைக் கைவிடாமல் பத்திரமாகத் தரையிறக்கினார். அவர் காப்பாற்றியது ஒரு விமானத்தை மட்டுமன்று. அது நொறுங்கியிருந்தால், பழுதின் காரணத்தைச் சிதறல்களிலிருந்துதான் தேட வேண்டியிருந்திருக்கும்.

இத்துணிவுக்காக 2021 ஆகஸ்டில் சௌர்ய சக்ரா விருது பெற்ற அவர், அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்துடன் சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட ஹெலிகாப்டரில் பயணம் செய்தார். குன்னூர் அருகே அது விழுந்து நொறுங்கியபோது படுகாயத்துடன் மீட்கப்பட்டு, டிசம்பர் 15 அன்று பெங்களூருவில் உயிர்நீத்தார்.