மொனங்ககேலா ஆற்றிற் கலந்த எண்ணெய்

பென்சில்வேனியா மாநிலத்தில் வடக்கு நோக்கி ஓடும் மொனங்ககேலா ஆறு, பிற்ஸ்பேர்க் நகரில் அலகேனி ஆற்றோடு கூட, ஓகாயோப் பேராறு பிறக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இவ்வாறு தொழிலுக்கே அடிமையாயிருந்தது. நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து கசிந்த அமிலநீரும் உருக்காலைகளின் கழிவும் அதனை மீன் வாழாத நீராக்கின. சட்டங்கள் இறுகியமையாலும், ஆலைகள் பல மூடப்பட்டமையாலும், அந்நூற்றாண்டின் இறுதிக் காலிலே மீனினம் மீளத் தொடங்கியது. ஆறு இவ்வாறு உயிர்பெற்று வந்த வேளையிலேதான், 1988 ஆம் ஆண்டு சனவரி 2 ஆந் திகதி மாலை, பிற்ஸ்பேர்க்குக்குத் தெற்கே ஏறத்தாழ 25 மைல் தொலைவிலுள்ள புளோரெவ் என்னுமிடத்தில், ஆஷ்லாந்து எண்ணெய்க் கொம்பனியின் தாங்கியொன்று வெடித்துப் பிளந்தது.

அத்தாங்கி 120 அடி விட்டமும் 48 அடி உயரமும் உடையது. ஏறத்தாழ 40 இலட்சம் கலன் கொள்ளத்தக்கது. புதியதன்று. கிளீவ்லாந்து நகரில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பயன்பட்ட தாங்கியைப் பிரித்துக் கொணர்ந்து, புளோரெவ்விலே மீண்டும் பொருத்தினர். அங்கு முதன்முறையாக டீசல் எண்ணெய் நிறைந்துகொண்டிருந்தபோதே அது கீழிருந்து மேலாகப் பிளவுண்டது.

காரணம் யாது? சுவர்த்தகட்டில், பற்றவைத்த இணைப்பொன்றின் அருகே, சிறு நாணயம் அளவினதான பழுதொன்று நெடுங்காலமாக இருந்தது. பழைய உருக்குக் குளிரில் வளைந்து கொடாது, கண்ணாடிபோல் முறியும். இஃது அறியப்படாத உண்மையன்று. 1943 சனவரியில் ஒரிகன் மாநிலத்துத் துறையொன்றில் அசையாது நின்ற ஸ்கெனக்ரடி என்னும் எண்ணெய்க் கப்பல் இரண்டாக முறிந்த நாள் முதலாகப் பொறியியலாளர் இதனை ஆராய்ந்தே வந்துள்ளனர். தாங்கியொன்றைக் கட்டி முடித்தபின் விளிம்புமட்டும் நீர் நிரப்பிப் பார்ப்பது நன்முறை. நீர் எண்ணெயினும் பாரமானது. ஆதலின் அச்சோதனையைத் தாங்குவது எண்ணெயையும் தாங்கும். புளோரெவ்விலோ அடியிற் சில அடி உயரத்துக்கு மட்டுமே நீர் நிரப்பினர். முழுச்சோதனை நடந்து, அதிலே தாங்கி உடைந்திருப்பின், ஆற்றிற் சென்றிருப்பது வெறும் நீரே.

தாங்கியைச் சூழ அணைவரம்பு ஒன்று இருந்தது. அது கசிந்து தேங்கும் எண்ணெயை மறிப்பதற்கு அமைந்ததேயன்றி, ஒரே வீச்சிற் பாயும் அலையை மறிப்பதற்கு அன்று. 38 இலட்சம் கலனுக்கு மேற்பட்ட டீசல் வெளிப்பாய்ந்து, வரம்பைத் தாண்டி, அயல் நிலத்தின் மழைநீர் வாய்க்கால் வழியே ஆற்றை அடைந்தது. ஆற்றிற் கலந்தது 7 இலட்சம் கலனுக்குக் குறையாது.

எண்ணெய் நீரின்மேல் மிதக்கும் என்பது சிறு பிள்ளையும் அறிந்தது. மிதவைத் தடைகளும் அதனை நம்பியே செய்யப்படுவன. ஆனால் மொனங்ககேலா இயற்கையான ஆறாக இருக்கவில்லை. நிலக்கரிப் படகுகள் செல்லும்பொருட்டு மதகுகளும் அணைகளும் அதன் குறுக்கே அடுத்தடுத்துக் கட்டப்பட்டிருந்தன. அணையின்மேலாக வீழ்ந்த நீர் எண்ணெயைக் கடைந்து, ஆற்றின் அடிமட்டும் கலந்துவிட்டது; மேற்பரப்பில் இட்ட தடைகள் பெரிதும் பயனற்றுப் போயின. கரையோர நகரங்களின் குடிநீர்க் குழாய்கள் ஆற்றின் ஆழத்திலிருந்தே நீரை எடுப்பன. பென்சில்வேனியா, மேற்கு வேர்ஜீனியா, ஓகாயோ ஆகிய மூன்று மாநிலங்களிலும் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்களின் குடிநீர் மாசுற்றது. பிற்ஸ்பேர்க்கின் புறநகர்கள் சிலவற்றில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாரிக் குளிரிலே குழாயில் நீரின்றித் தவித்தன. தாராக்களும் நீர்க்காகங்களும் எண்ணெய் படிந்து மாண்டன. மீன்கள் ஆயிரக்கணக்கில் இறந்தன. மீண்டுவந்த உயிர்களுக்கு நேர்ந்த இவ்வழிவே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

கொம்பனியின் தலைவர் யோன் ஹோல் பிற்ஸ்பேர்க்குக்கு நேரிற் சென்று, முழுச்சோதனை நடவாமையையும் எழுத்துமூலமான அனுமதி பெறாமையையும் ஒளியாது கூறி மன்னிப்பும் வேண்டினார். வணிகக் கல்வி நூல்கள் இதனை நேர்மைக்கு எடுத்துக்காட்டாகப் போற்றுகின்றன. போற்றத்தக்கதே, எனினும் அந்நூல்களை மட்டும் பயில்வோர் நிகழ்ச்சியின் நாயகன் தலைவரே என மயங்குதல் கூடும். தாங்கியின் வரலாறு அங்கே ஒதுங்கிவிடுகின்றது. 1989 இல் நீதிமன்றம் 22½ இலட்சம் டொலர் தண்டம் விதித்தது.

அவ்வாண்டிலேயே பென்சில்வேனியா தாங்கிகளுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. பழந்தாங்கிகளைச் செப்பனிடுவதற்கும் மீளக் கட்டுவதற்குமான விதித்தொகுப்பொன்றை அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம் 1991 இல் வெளியிட்டது. மீளக் கட்டிய தாங்கியில் நீரை முழு உயரத்துக்கு நிரப்பிச் சோதித்தல் வேண்டும் என்பதும் அதில் உண்டு.