லிங்கனின் தாய்ப்பத்திரம்

ஒரு மனையாவது வாங்கியவர்களுக்குத் தாய்ப்பத்திரம் தேடி அலைந்த அனுபவம் இருக்கும். விற்கிறவருக்கு இடம் எப்படி வந்தது, அவர் அப்பாவுக்கு யாரிடமிருந்து வந்தது என்று பின்னாலேயே போய்க்கொண்டிருக்க வேண்டும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் வக்கீல் தலையை ஆட்டிவிடுவார். அமெரிக்காவில் காலனிக் காலத்து முன்னோரைத் தேடுகிறவர்கள் செய்வதும் இதே வேலைதான். அவர்கள் நிலத்துக்குப் பதில் மனிதர்களைத் தேடுகிறார்கள், அவ்வளவுதான். இதற்கு ஆப்ரகாம் லிங்கன் குடும்பத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1848-இல் லிங்கன் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தபோது, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹிங்கம் ஊரிலிருந்து சாலமன் லிங்கன் என்பவர், உங்கள் பூர்வீகம் என்ன என்று கேட்டு எழுதினார். லிங்கனுக்குத் தாத்தா வரைக்கும்தான் சரியாகத் தெரியும். வர்ஜீனியாவிலிருந்து கென்டக்கிக்கு வந்தவர், அதற்கு முன் பென்சில்வேனியா என்று கேள்வி. 1859-இல் தன்னைப் பற்றிச் சுருக்கமாக எழுதியபோதும், மாசசூசெட்ஸ் பக்கத்து லிங்கன்களோடு பெயர் ஒற்றுமைக்கு மேல் எதுவும் பிடிபடவில்லை என்றே சொன்னார்.

பிடி பத்திரங்களில் இருந்தது. 1637-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த நெசவுக்கார இளைஞன் சாமுவேல் லிங்கன். அவர் மகன் மோர்டெகாய், கொல்லர். அவருக்கும் மோர்டெகாய் என்றே ஒரு மகன். அவர் நியூஜெர்சி போய், பிறகு பென்சில்வேனியாவில் குடியேறி 1736-இல் இறந்தார். அவருடைய உயிலில், நியூஜெர்சியில் இருக்கும் 300 ஏக்கர் மகன் ஜானுக்கு என்று ஒரு வரி. 1748-இல் ஜான் அதே 300 ஏக்கரை விற்கிறார். உயிலையும் கிரயப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணி சேர்ந்துவிடுகிறது. இந்த ஜான்தான் பின்னாளில் வர்ஜீனியாவுக்குப் போனவர், நம் லிங்கனின் கொள்ளுத்தாத்தா. சங்கிலி முழுதும் கோர்க்கப்பட்டபோது லிங்கன் உயிரோடு இல்லை.

உயில் இருந்தால் இப்படி. இல்லாவிட்டால்? லிங்கனின் தாத்தா, அவர் பெயரும் ஆப்ரகாம், கென்டக்கியில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் உரிமை வைத்திருந்தவர். 1786-இல் செவ்விந்தியர் தாக்குதலில் தன் வயலிலேயே இறந்தார். உயில் எழுதவில்லை. கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. அங்கே சட்டப்படி நிலமெல்லாம் மூத்த மகனுக்கு. பிள்ளைகள் எல்லோருக்கும், பெண்கள் உட்பட, சமபங்கு என்ற புதுச் சட்டம் 1785-லேயே நிறைவேறிவிட்டது. ஆனால் அமலுக்கு வந்தது 1787 ஜனவரி 1 அன்று. சில மாத வித்தியாசம்! கடைசிப் பையன் தாமஸ் அப்போது எட்டு வயது. கூலி வேலை செய்து ஊர் ஊராகத் திரிந்து வளர்ந்தார். அந்தத் தாமஸின் மகன்தான் மரக்குடிசையில் பிறந்த லிங்கன். குடிசையைப் பற்றி நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். காரணத்தை யாரும் சொல்லவில்லை.

மக்கள்தொகைக் கணக்கை அதிகம் நம்ப முடியாது. 1790-இல் முதல் கணக்கு எடுத்தார்கள். 1840 வரை வீட்டுத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. வர்ஜீனியா, கென்டக்கி இரண்டின் 1790 ஏடுகளும் தொலைந்தே போயின. 1850 முதல்தான் வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொருவர் பெயரும் வருகிறது. அதிலும் அடிமைகளுக்குப் பெயர் கிடையாது. வயது, ஆணா பெண்ணா, நிறம், இவ்வளவுதான். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தேடும்போது, முதலாளியின் உயிலில் மாடு, கட்டில், பாத்திரங்களோடு சேர்த்து எழுதிய பட்டியலில்தான் தங்கள் பாட்டியின் பெயரைப் பார்க்கிறார்கள். லிங்கன் வீட்டுக் கதையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

இருந்தாலும் அவருக்கும் ஒரு சங்கடம் இருந்தது. 1860-இல் கென்டக்கியின் ஹார்டின் கவுண்டியிலிருந்து ஒரு பழைய எழுத்தர், உங்கள் அம்மா சாரா தானே என்ற பொருளில் எழுதினார். அது தாமஸின் இரண்டாம் மனைவி, என் அம்மா நான்சி ஹாங்க்ஸ் என்று லிங்கன் திருத்தி எழுத வேண்டியிருந்தது. முதல் கல்யாணத்தின் பதிவு அந்த ஊரில் இல்லை. இது போதாதா ஊர் வாய்க்கு? பெற்றோருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று பேசினார்கள். லிங்கன் இறந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் பக்கத்தில் வாஷிங்டன் கவுண்டியில் அந்தக் காகிதம் கிடைத்தது. தாமஸ் கையெழுத்திட்ட, 1806 ஜூன் 10 தேதியிட்ட 50 பவுண்டு ஜாமீன் பத்திரம். இரண்டு நாள் கழித்து மணம் செய்து வைத்ததாகப் பாதிரியார் கொடுத்த கணக்கும் இருந்தது. கல்யாணம் பெண் வீட்டார் ஊரில் நடந்திருக்கிறது; தேடியவர்கள் மாப்பிள்ளை ஊரில் தேடியிருக்கிறார்கள்.

இன்னொன்று. 1848 செப்டம்பரில் தேர்தல் பிரசாரத்துக்காக லிங்கன் மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகருக்குப் போனார். முன்னாள் கவர்னர் லீவை லிங்கன் வீட்டில் விருந்து. நாமிருவரும் ஒரே குலமாக இருக்கலாம் என்று வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்களாம். அந்தக் கவர்னரும் நெசவுக்காரர் சாமுவேலின் வம்சம்தான். பங்காளிகள் இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள்.